பேரனின் 1.1 வேறு, அம்மம்மாவின் 1.1 வேறு

வெள்ளவத்தையிலிருந்து 52 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளங் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். அவருடைய தாயாருக்கு 77 வயது, எடை 45 கிலோ. 18 ஆண்டுகளாக நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. கிளினிக்கில் அழுத்தத்துக்கு லொசார்டன், ஹைட்ரோகுளோரோதயசைட் என்ற நீர்க் குளிசை, சீனிக்கு மெட்போர்மின், கொலஸ்ட்ரோலுக்கு அட்டோர்வாஸ்டட்டின் ஆகியவை ஒழுங்காகக் கிடைக்கின்றன. முழங்கால் நோ தாங்க முடியாமற் போனதால் மகள் அருகிலுள்ள பாமசியொன்றில் நோக் குளிசை வாங்கி, மூன்று மாதங்களாகக் காலையும் இரவும் கொடுத்து வந்திருக்கிறார். மூன்று வாரங்களுக்கு முன்னர் தாயாருக்கு இரண்டு நாள் வயிற்றோட்டம். அந்த நாட்களிலும் எல்லாக் குளிசைகளும் தவறாமற் கொடுக்கப்பட்டன. பிறகு சோர்வு வந்தது, சிறுநீர் குறைந்தது, கணுக்கால் வீங்கியது. இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியற்றினின் 1.9 என்று வந்திருக்கிறது. ஆறு மாதங்களுக்கு முன்னர் அது 1.1 ஆக இருந்ததாம்.

அவர் கேட்பவை இவை. வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தன் 24 வயது மகனுக்கும் அதே 1.1தான் வந்தது, கால் சுளுக்கியபோது அவனும் அதே குளிசையைப் பத்து நாள் போட்டான், அவனுக்கு ஒன்றும் ஆகாதபோது அம்மாவுக்கு மட்டும் ஏன்? பிரெஷர், சீனிக் குளிசைகள்தான் கிட்னியைக் கெடுத்தன என்று கனடாவிலிருக்கும் அண்ணா சொன்னதால் ஐந்து நாட்களாக எல்லா மருந்தையும் நிறுத்தியாயிற்று, இனி நாட்டு மருந்துக்குப் போகலாமா? மகளின் மூன்று வயதுக் குழந்தைக்குக் காய்ச்சலின்போது ஐபுபுரோபன் பாணி கொடுத்திருக்கிறோம், பிஞ்சுக் கிட்னி என்பதால் அது தாங்கும்தானே? அந்தக் குழந்தை 32 வாரத்தில் பிறந்தது என்பதை வேறோர் இடத்தில், பேச்சுவாக்கில் எழுதியிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: "நான்தான், டொக்டர், வாங்கிக் கொடுத்தேன்."

அன்புள்ள சகோதரிக்கு,

விளக்கங்களுக்கு முன்னர் ஒரு செயல். 1.9 என்ற அறிக்கைக்குப் பிறகு இன்னும் இரத்தம் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். நாளையே கிரியற்றினினும் பொட்டாசியமும் பார்க்கப்பட வேண்டும், அதே நாளில் ஒரு வைத்தியர் அம்மாவை நேரிற் பார்க்க வேண்டும். 1.1இலிருந்து 1.9 என்பது ஒன்றரை மடங்குக்கும் மேலான ஏற்றம். இவ்வளவு குறுகிய காலத்தில் அப்படி ஏறுவதைத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பாகவே நாங்கள் எடுத்துக்கொள்வோம். லொசார்டனும் நோக் குளிசையும் ஒன்றாக உடம்பில் இருந்த நிலையில் பொட்டாசியம் உயர்ந்திருக்கவும் கூடும். அது உயர்ந்தால் இதயத் துடிப்பு தடுமாறும், பெரும்பாலும் முன்னறிவிப்பே இருக்காது. மூச்சு வாங்குதல், படுக்க முடியாமை, நெஞ்சுப் படபடப்பு, தசைகள் தளர்தல், நினைவு தடுமாறுதல், நாள் முழுவதும் இரண்டு தேநீர்க் கோப்பை அளவு சிறுநீர்கூடப் போகாமை ஆகியவற்றில் எது கண்டாலும் 1990 அம்பியூலன்ஸை அழைத்துத் தேசிய வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஒரே எண், இரண்டு உடம்புகள்

உங்கள் முதற் கேள்விதான் இதன் உயிர்நாடி. கிரியற்றினின் என்பது தசையிலிருந்து நாள்தோறும் வெளிவரும் ஒரு கழிவு. தசை நிறைந்த 70 கிலோ இளைஞனின் உடம்பு அதை நிறையவே உண்டாக்கும், அவனுடைய சிறுநீரகங்கள் அதை விரைவாக வெளியேற்றும், இரத்தத்தில் 1.1 மிஞ்சும். தசை வற்றிய 45 கிலோ மூதாட்டியின் உடம்பு உண்டாக்குவதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் வெளியேற்ற முடியாமல் 1.1 தேங்கி நிற்கிறது என்றால் வடிகட்டும் வேலை எவ்வளவு குறைந்திருக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். மருந்து அளவைத் தீர்மானிக்க 1976 முதல் நாங்கள் பயன்படுத்தும் கணக்கு ஒன்று உண்டு: 140இலிருந்து வயதைக் கழித்து, எடையாற் பெருக்கி, கிரியற்றினினின் 72 மடங்கால் வகுத்து, பெண்ணாயின் 0.85ஆற் பெருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 102 மில்லிலீற்றர் என்று வருகிறது. அம்மாவுக்கு 30. இரண்டு அறிக்கைகளிலும் அச்சிடப்பட்ட எண் ஒன்றுதான்.

ஆய்வுகூடங்கள் இப்போது கிரியற்றினினுக்குக் கீழே, வடிகட்டும் அளவின் மதிப்பீடாக, ஈ.ஜி.எப்.ஆர். என்று இன்னொரு எண்ணையும் தருகின்றன. புதிய சூத்திரத்தின்படி அம்மாவுக்கு அது 52 அளவில் இருந்திருக்கும், மகனுக்கு 96. அந்தச் சூத்திரம் எடையைக் கேட்பதில்லை. ஆகவே மெலிந்த, சிறிய உடம்புகளில் அது உண்மையைவிடச் சற்றுத் தாராளமாகவே சொல்லிவிடும். 52 என்றாலும் 30 என்றாலும் ஆறு மாதங்களுக்கு முன்னரே அம்மாவின் சிறுநீரகங்களில் மிச்சம் பிடிக்க அதிகம் இருக்கவில்லை என்பது தெளிவு. 'நோர்மல்' எல்லைக்குள் இருந்தபடியால் அந்த அறிக்கையில் எந்தக் குறியும் போடப்படவில்லை. அதைக் கண்டு நீங்கள் நிம்மதியடைந்ததைக் குறை சொல்லவே மாட்டேன், படித்தவர்களும் அந்த எண்ணில் ஏமாறுகிறார்கள். இப்போதைய 1.9ஐ எந்தச் சூத்திரத்திலும் போட்டுப் பார்க்காதீர்கள். ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும் எண்ணுக்கு அந்தக் கணக்குகள் செல்லாது.

வயது என்ன செய்கிறது

நாற்பது வயதை ஒட்டி, பெரும்பாலானவர்களில் வடிகட்டும் அளவு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிலீற்றர் வீதம் குறையத் தொடங்குகிறது. எல்லாருக்கும் அப்படியன்று, முதுமையிலும் குறையாமல் இருப்பவர்கள் உண்டு, நீரிழிவும் அழுத்தமும் உள்ளவர்களில் இன்னும் வேகமாகக் குறையும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து இலட்சம் வடிகட்டிகளுடன் வாழ்க்கையைத் தொடங்குகிறோம், இழந்தவை மீண்டும் முளைப்பதில்லை. வயது மட்டும் யாரையும் நோயாளியாக்காது. இடி விழும்போது தாங்கிக்கொள்ளும் இருப்பைத்தான் அது குறைக்கிறது.

அம்மாவின் உடம்பில் விழுந்த இடி எப்படிப்பட்டது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வடிகட்டிக்கும் இரத்தம் உள்ளே வரும் சிறுகுழாய் ஒன்று, வெளியே போகும் சிறுகுழாய் ஒன்று. உடம்பில் நீர் குறையும்போதும் வடிகட்டி குறைந்திருக்கும்போதும் சிறுநீரகம் புறோஸ்டகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து உள்வழியைத் திறந்து வைத்திருக்கும், அஞ்சியோடென்சின் என்ற இன்னொரு பொருளின் துணையுடன் வெளிவழியைச் சற்று இறுக்கி உள்ளழுத்தத்தைக் காப்பாற்றும். டைக்குளோபெனக், ஐபுபுரோபன் போன்ற நோக் குளிசைகள் அந்தப் புறோஸ்டகிளாண்டினைத்தான் தடுக்கின்றன, அதனால் உள்வழி சுருங்குகிறது. லொசார்டன் அஞ்சியோடென்சினைத் தடுத்து வெளிவழியைத் தளர்த்துகிறது. நீர்க் குளிசை உடம்பின் நீரைக் குறைக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் வடிகட்டியின் அழுத்தம் இருபுறமும் கைவிடப்படுகிறது. உங்கள் மகனின் சிறுநீரகத்துக்குப் புறோஸ்டகிளாண்டினின் தயவு அன்றாடம் தேவைப்படுவதில்லை; அம்மாவின் சிறுநீரகமோ அதை நம்பியே ஓடிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 487,000 இரத்த அழுத்த நோயாளிகளின் தரவுகளை வைத்து 2013இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று, இந்த மூன்றும் சேர்ந்தவர்களில் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு 31 வீதம் அதிகம் என்றும், முதல் 30 நாட்களில் அது 82 வீதம் அதிகம் என்றும் காட்டியது.

அம்மா மூன்று மாதம் தாக்குப்பிடித்தார். வயிற்றோட்டம் வந்த இரண்டு நாட்களில் தாக்குப்பிடிக்க முடியவில்லை. வயதானவர்களுக்குத் தாக உணர்வே மங்கிவிடும், உடம்பில் நீர் வற்றினாலும் கேட்டுக் குடிக்க மாட்டார்கள். கொழும்பில் மாடி வீடுகளில் வசிக்கும் மூத்தவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் இன்னொரு விடயமும் உண்டு: இரவில் எழும்பிக் கழிப்பறைக்குப் போகப் பயந்து மாலை நான்கு மணிக்குப் பிறகு தண்ணீரே குடிப்பதில்லை என்பார்கள். அம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள்.

அந்தக் கடதாசி உறை

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது உள்ளங்கையளவு பழுப்புக் கடதாசி உறை. காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின் என்று நீலப் பேனையால் எழுதியிருக்கிறது, மருந்தின் பெயர் இல்லை. அட்டையிலிருந்து வெட்டிய துண்டில் ஓரெழுத்து மிஞ்சியதை வைத்து டைக்குளோபெனக் 50 மில்லிகிராம் என்று நீங்களே தேடிக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். இந்தப் பெயரில்லாத உறையைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். அரச கிளினிக் வைத்தியருக்கு அது தெரியாது. வருத்தம் கூடும்போது சனல் பண்ணிப் பார்க்கும் வைத்தியருக்கும் தெரியாது, ஏனென்றால் கிளினிக் கொப்பியில் அது எழுதப்படவில்லை. பாமசியில் நின்றவரும் அம்மா லொசார்டன் போடுகிறார் என்பதைக் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். மருந்தின் பெயரையும் அளவையும் உறையில் எழுதித் தரும்படி கேட்பது உங்கள் உரிமை, எழுத மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள். வயதானவர்களில் மருந்தால் வரும் சிறுநீரகப் பாதிப்புகளிற் பெரும்பங்கு இப்படி நான்கு கைகளிலிருந்து வரும் மருந்துகள் ஒரே வயிற்றிற் சந்திப்பதால் வருவதே என்பது என் அனுபவம்.

அண்ணா சொன்னது எங்கே சரி, எங்கே பிழை

அண்ணாவின் பதற்றம் தாய்மீதுள்ள பாசம், அதை மதிக்கிறேன். ஆனால் லொசார்டன் சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்தென்பது பிழையான எண்ணம். நீரிழிவால் சிறுநீரிற் புரதம் போகிறவர்களில் சிறுநீரகம் பழுதடைவதை மெதுவாக்கும் மருந்து அது. உடம்பில் நீர் வற்றிய நாட்களிலும் திடீர்ப் பாதிப்பின்போதும் தற்காலிகமாக நிறுத்துவோம். மெட்போர்மினும் சிறுநீரகத்தைத் தாக்குவதில்லை. சிறுநீரகம் தளர்ந்தால் அது உடம்பில் தேங்கி இரத்தத்தில் அமிலம் கூடக்கூடும், அதனால் வடிகட்டும் அளவு 45க்குக் கீழ் போகும்போது அளவைக் குறைத்து, 30க்குக் கீழ் முற்றாக நிறுத்துகிறோம். ஆகவே இந்த ஐந்து நாட்களுக்கு லொசார்டன், நீர்க் குளிசை, மெட்போர்மின் மூன்றையும் நிறுத்தியதால் பெருந்தீங்கு வந்துவிடவில்லை, நேரிற் பார்த்திருந்தால் நானும் அதையே சொல்லியிருக்கக்கூடும். ஆனால் எப்போது, எந்த அளவில் மீண்டும் தொடங்குவது என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். அதுவரை இரத்த அழுத்தத்தையும் சீனியையும் நாள்தோறும் பார்த்துக் குறித்து வையுங்கள், இரண்டும் ஏறினால் வேறு மருந்து தேவைப்படும். அட்டோர்வாஸ்டட்டினை நிறுத்தக் காரணமே இல்லை.

நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடு, கழுவிக்கொண்டு போய்விடும் என்ற அறிவுரையும் இந்த நேரத்துக்குப் பொருந்தாது. கணுக்கால் வீங்கிச் சிறுநீர் குறைந்திருக்கும் நிலையில் உள்ளே போகும் நீர் நுரையீரலிற் போய் நிற்கும். எவ்வளவு குடிக்கலாம் என்பதை நாளை பார்க்கும் வைத்தியரிடம் மில்லிலீற்றர் கணக்கிற் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாட்டு மருந்தைப் பற்றி எழுதும்போது எனக்கு எந்த இளக்காரமும் இல்லை. என் பாட்டனார் காலத்துப் பரிகாரியார்கள் நோயாளியை அறிந்த அளவுக்கு இன்று நாங்கள் அறிவதில்லை. ஆயினும் காயப்பட்ட சிறுநீரகத்தின்மேல் உட்பொருள் தெரியாத கஷாயத்தை ஊற்றுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. சிங்களத்திற் சப்சந்த என்றும் தமிழில் ஈச்சுரமூலி என்றும் சொல்லப்படும் கொடியின் இனத்தில் அரிஸ்ரோலோக்கிக் அமிலம் இருக்கிறது. 1990களில் பெல்ஜியத்தில் மெலிவதற்காக அந்த இனத்து மூலிகை கலந்த மருந்தை எடுத்த பெண்கள் பலர் சிறுநீரகங்களை நிரந்தரமாக இழந்தார்கள், சிலருக்குச் சிறுநீர்ப்பாதையிற் புற்றுநோயும் வந்தது. சீனி வருத்தத்துக்கு நல்லதென்று வெறும் வயிற்றிற் குடிக்கப்படும் விளிம்பிக்காய்ச் சாறும் காமரங்காச் சாறும் ஒட்சலேற்று நிறைந்தவை, தளர்ந்த சிறுநீரகத்தில் அவை படிகமாகப் படிந்துவிடும். இவை வேண்டவே வேண்டாம்.

பேத்தியைப் பற்றி

பிஞ்சு என்பதால் தாங்கும் என்பது பாதிதான் சரி. வயதுக் கோட்டின் மறுமுனையிலும் பலவீனம் இருக்கிறது. பிறந்த குழந்தையின் வடிகட்டும் திறன் மிகக் குறைவு. உடற்பரப்புக்கு ஏற்பக் கணக்கிட்டால் அது பெரியவர்களின் அளவை எட்ட ஓராண்டு முதல் ஈராண்டு பிடிக்கும். அதனால்தான் சிசுக்களுக்கு ஜென்டமைசின் போன்ற கிருமிகொல்லி ஊசிகளை இடைவெளி கூட்டிக் கொடுக்கிறோம். உங்கள் பேத்தி மூன்று வயதைக் கடந்துவிட்டதால் அந்தக் கட்டம் முடிந்துவிட்டது. ஆனால் பேச்சுவாக்கில் எழுதிய 32 வாரம் என்ற விடயம் முக்கியமானது. வடிகட்டிகள் உருவாவது கருவின் ஏறத்தாழ 36ஆவது வாரத்தில்தான் முடிவடைகிறது. முன்கூட்டிப் பிறந்த குழந்தைகள் பலருக்கு அவற்றின் எண்ணிக்கை குறைவாகவே அமைந்துவிடும். பயப்பட வேண்டியதில்லை, இந்தக் குழந்தைகளிற் பெரும்பாலானோர் நலமாகவே வளர்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை அவளுடைய இரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், மருந்தெழுதும் எந்த வைத்தியரிடமும் 32 வாரம் என்பதை மறக்காமல் முதலிற் சொல்லச் சொல்லுங்கள்.

ஐபுபுரோபனைப் பொறுத்தவரை, நன்றாகக் குடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு முன்னர் கொடுத்த ஒன்றிரண்டு வேளை தீங்கு செய்திருக்க வாய்ப்புக் குறைவு, மகளை வீணாகக் கலங்க விடாதீர்கள். ஆனால் வாந்தியும் வயிற்றோட்டமும் உள்ள சிறுபிள்ளைக்கு அது ஆபத்தானது. சின்ன உடம்பில் நீர் சில மணிநேரத்திலேயே வற்றிவிடும். அதைவிடப் பெரிய காரணம் டெங்கு. கொழும்பிற் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டெங்கு இல்லையென்று தெரியும்வரை டெங்கு என்றே எண்ண வேண்டும், டெங்குவில் இந்த வகை மருந்துகள் இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் போதும். எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ பிள்ளை குடிக்க மறுத்தாலோ லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிற் காட்டுங்கள்.

டயலிசிஸ் வருமா

கடிதத்தில் நீங்கள் நேராகக் கேட்காவிட்டாலும் வரிகளுக்கிடையில் இந்தக் கேள்வி தெரிகிறது. நோக் குளிசையால் இரத்த ஓட்டம் குறைந்து வரும் பாதிப்பு, மருந்தை நிறுத்தி நீர்ச் சமநிலையைச் சரிசெய்தால் பெரும்பாலும் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் திரும்பும். 77 வயதில் அது மெதுவாகத் திரும்பும், பழைய 1.1 வரை முழுதாக இறங்காமல் 1.3, 1.4 என்று நின்றுவிடவும் கூடும். இறங்கவே இல்லையென்றால், அல்லது சிறுநீரிற் புரதமோ இரத்தமோ காணப்பட்டால், சிறுநீரகத் திசுவிலேயே ஒவ்வாமை போன்ற அழற்சி வந்திருக்கலாம். இந்தக் குளிசைகளால் வரும் அழற்சியிற் காய்ச்சலோ தோல் தடிப்போ இல்லாமலும் இருக்கும். அப்போது சிறுநீரக வைத்தியரிடம் காட்டுவது கட்டாயம். மாளிகாவத்தையிலுள்ள சிறுநீரகத் தேசிய நிறுவனத்துக்கோ தேசிய வைத்தியசாலையின் சிறுநீரகப் பிரிவுக்கோ உங்கள் கிளினிக்கிலிருந்தே கடிதம் வாங்கிச் செல்லலாம். நாளைய சோதனையுடன் சிறுநீர் முழுப் பரிசோதனை, சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தின் அளவு, வயிற்று ஸ்கான் மூன்றையும் செய்துவிடுங்கள். பிறகு கிரியற்றினினை வாரந்தோறும் பார்த்து, மூன்று மாதம் முடிந்ததும் கடைசியாக ஒருமுறை பார்த்தால்தான் நிரந்தரமாக எவ்வளவு இழந்தார் என்பது தெரியும்.

முழங்கால் நோவுக்கு இனி என்ன செய்வது என்பதையும் சொல்லாமல் விட முடியாது, நோ தொடர்ந்தால் யாராவது ஒருவர் மறுபடி அந்தக் குளிசையை வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். பரசிற்றமோலைத் தொடங்கலாம், 45 கிலோ உடம்புக்கு நாளொன்றுக்கு 4 கிராம் என்ற வழமையான உச்சவரம்பு பொருந்தாது, 2 முதல் 3 கிராமுக்குள் வைத்தியர் தீர்மானிக்கட்டும். தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொண்டு வீட்டிற் கதிரையில் இருந்தபடியே செய்யலாம். நோ கூடிய காலுக்கு எதிர்ப்பக்கக் கையிற் பிடித்த ஊன்றுகோல், சூட்டு ஒத்தடம், சிறுநீரகம் திரும்பியபின் வைத்தியரின் சம்மதத்துடன் பூசும் ஜெல், அதற்கும் அடங்காவிட்டால் மூட்டுக்குள் போடும் ஸ்டெரொயிட் ஊசி என்று படிப்படியாக வழிகள் இருக்கின்றன. ஊசி போட்டால் சில நாட்களுக்குச் சீனி ஏறும், அதைக் கவனித்துக்கொண்டாற் போதும்.

நீங்கள்தான் வாங்கிக் கொடுத்தீர்கள் என்பது உண்மை. இரவு முழுவதும் காலைப் பிடித்துக்கொண்டு முனகிய தாயைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் வாங்கிக் கொடுத்தீர்கள் என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வீக்கத்தைக் கண்டவுடன் குளிசையை நிறுத்தி இரத்தம் பார்த்தவரும் நீங்கள்தான், அதனால்தான் இன்று பேசுவதற்கு நேரம் இருக்கிறது. கிளினிக் கொப்பியின் முன்னட்டையில் சிவப்புப் பேனையால் 'டைக்குளோபெனக், ஐபுபுரோபன் வகை நோக் குளிசை கொடுக்கக் கூடாது' என்றும், அதற்குக் கீழே 'வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் லொசார்டன், நீர்க் குளிசை, மெட்போர்மின் பற்றி அன்றே வைத்தியரிடம் கேட்க வேண்டும்' என்றும் எழுதி வையுங்கள். நாளை காலை இரத்தம் கொடுக்கப் போகும்போது கொப்பியுடன் அந்தப் பழுப்பு உறையையும், வீட்டிலிருக்கும் மற்றெல்லாக் குளிசைகளையும் ஒரு பையிற் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.